முள் குத்தியதை அறியாத பாதம்

நேற்று மாலை மன்னார்குடிப் பக்கம் எங்கள் குறுவை வயலின் வரப்பில் நடந்தபோது, கருவேல முள் ஒன்று என் குதிகாலில் ஏறியது; வலியை உணர்வதற்கு முன்பே கால் மேலெழுந்துவிட்டது. தோலிலிருந்து உணர்வு நரம்பு கொண்டுவரும் செய்தி தண்டுவடத்தை அடைந்தவுடன், மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல், அங்கிருந்தே இயக்க நரம்பு வழியாகத் தசைக்குக் கட்டளை போய்விடுகிறது. வலி பிறகுதான் மூளைக்கு எட்டுகிறது, அதுவும் இரண்டு தவணையாக: மயலின் எனும் கொழுப்புப் படலம் மெல்லிய உறையாகச் சுற்றிய நரம்பிழைகள் விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் சுருக்கென்ற வலியையும், உறையற்ற இழைகள் 2 மீட்டருக்கும் குறைவான வேகத்தில் நின்றெரியும் வலியையும் கொண்டுசெல்கின்றன. எத்தனை நுட்பமான ஏற்பாடு!

மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 இணையாகவும் தண்டுவடத்திலிருந்து 31 இணையாகவும் பிரிபவை புற நரம்புகள். நெடுநாள் சர்க்கரை நோய் இவற்றுள் மிக நீண்டவற்றையே முதலில் தாக்குவதால், மரத்துப்போதல் பாதத்தில் தொடங்குகிறது.

சென்ற ஆண்டு இதே வரப்பில் முள் தைத்து, ஒடிந்த முனை உள்ளேயே இருக்க, அம்மா மூன்று நாள் ஒன்றும் அறியாமல் நடந்தார். பாயில் படிந்த சீழைக் கண்டுதான் நாங்கள் காலைத் திருப்பிப் பார்த்தோம். அன்றிலிருந்து இரவுதோறும் விளக்கைக் கிட்டே வைத்து, விரலிடுக்குவரை அவர் பாதத்தைத் தடவிப் பார்த்த பிறகே நான் படுக்கப் போகிறேன்.