மீசை வைத்த அம்மா

குஜராத்தின் பாவ்நகரில் குழந்தைக் கல்வியாளர் கிஜுபாய் பதேகாவுக்கு அப்படித்தான் பெயர்: மூச்சாளி மா.

தொழில் வக்கீல். 1913இல் மகன் பிறந்தான். அவனை எப்படி வளர்ப்பது என்று தேடிய அப்பாவுக்கு இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரியின் எழுத்துகள் கிடைத்தன. 1916இல் வக்கீல் தொழிலை விட்டு தட்சிணாமூர்த்தி கல்வி நிறுவனத்துக்கு வந்தார். 1920இல் அங்கேயே பால மந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கினார். பெற்ற பிள்ளைக்காகத் தேடியது ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆனது.

அவருடைய முறை தெரிய, அவர் கதையாக எழுதிய 'திவாஸ்வப்னம்' நூலைப் படியுங்கள். அதில் வரும் ஆசிரியர் முதல் நாளே பிள்ளைகளுக்கு மௌன விளையாட்டு வைக்கிறார். வகுப்பு சந்தைக்கடையாகிறது. அடிக்கும் அதட்டலுக்கும் மட்டுமே அடங்கிப் பழகியவர்களிடம் திடீரென அமைதி கேட்டால் எப்படி வரும்? மறுநாள் கதை சொல்கிறார். சுவாரசியமான இடத்தில் நிறுத்தி வருகைப் பதிவு எடுக்கிறார். மீதிக் கதைக்காக வகுப்பு கப்சிப். கதைதான் வாசல். வாசிப்பு, விளையாட்டு, நாடகம் எல்லாம் அதன் வழியாகவே உள்ளே வருகின்றன. ஆசிரியப் பயிற்சியில் இருக்கும் தம்பி தங்கைகள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

1939 ஜூன் 23இல் காலமானார். வயது 53தான். குழந்தைகள் தினத்துக்கு மறுநாள், நவம்பர் 15, அவர் பிறந்தநாள்.