காரங்காட்டில் மோட்டாரை நிறுத்திய அண்ணன்

ஜனவரியில் சென்னையிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்தைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போனேன். கோதண்டராமர் கோயில் பக்கம் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள், இருநூறாவது இருக்கும், தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றைச் சலித்து இரை தின்றுகொண்டிருந்தன. அப்போது ஒரு வேனிலிருந்து இறங்கிய பத்துப் பதினைந்து பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி தண்ணீருக்குள் ஓடினார்கள், பறந்தால்தான் இறக்கையின் சிவப்பு வீடியோவில் தெரியும் என்று. மொத்தக் கூட்டமும் எழும்பிப் போய்விட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. அவ்வளவு தூரம் பறந்து வந்த பறவை இங்கே தின்று தேற வந்திருக்கிறது, அதை வேனுக்கு ஒரு தடவை எழுப்பிவிட்டால் எப்போது தின்னும்?

அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாக 2025-இல் அரசு அறிவித்தது, சுமார் 525 ஹெக்டேர். ரொம்ப நல்லது. ஆனால் ஓடுகிறவனைப் பலகை நிறுத்தாது, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

அந்த ஆள் எப்படி இருப்பார் என்று மறுநாளே பார்த்தேன். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறை நடத்தும் அலையாத்திக் காட்டுப் படகு சவாரி, ஓட்டுகிறவர்கள் ஊர் மீனவர்கள். ஒரு வளைவுக்கு முன்னாலேயே படகுக்கார அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கம்பை ஊன்றித் தள்ள ஆரம்பித்தார். சித்தப்பா மகன் ஏதோ கத்த, “தம்பி, பேசாம இரு, அது பாட்டுக்கு இருக்கும்” என்றார். அவ்வளவுதான், படகே அமைதியாகிவிட்டது. சேற்றில் பென்சில் நட்டதுபோல மூச்சு வேர்கள், அதற்கு நடுவே ஒரு கொக்கு, எங்களைப் பார்த்தது, அசையவில்லை. பறவை இருந்தால்தான் அவருக்கு அடுத்த சவாரி. அதனால் யாரும் சொல்லாமலே காவல் காக்கிறார்.

கடல்பாசி எடுக்கும் பெண்களையும் இங்கே சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல் தேசியப் பூங்கா ஆனபிறகு, பாட்டி காலத்திலிருந்து பாசி எடுத்த இடத்துக்கே அவர்கள் பயந்து பயந்து போகிறார்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, பாசி மறுபடி வளர அடியோடு பிடுங்காமல் கையால் கிள்ளுவது என்று தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். கடலை அவ்வளவு தெரிந்தவர்களைத் தள்ளி நிறுத்திவிட்டு, டிக்கெட் வாங்கிய எங்களை மட்டும் படகில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தனுஷ்கோடியிலும் காரங்காடு மாதிரி செய்யலாம். வண்டிகளை ஒரே இடத்தில் நிறுத்தச் சொல்லலாம், ரோட்டோரம் ஒரு கயிறு கட்டலாம், நல்ல தொலைநோக்கி நாலைந்து வைக்கலாம். அதைக் காட்டி விளக்கும் வேலையைச் சங்கு, சிப்பி விற்றுப் பிழைக்கிற அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே சம்பளத்தோடு கொடுக்க வேண்டும். தொலைநோக்கியில் பார்த்தால் அலகின் கறுப்பு நுனிகூடத் தெரியும், தண்ணீரில் இறங்கி ஓடுகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது.