பௌச்சின் கல்லறை முன் சொன்ன பதில்

டண்டீக்குப் போகலாம் என்றுதான் தம்பி முதலில் கேட்டான். ஸ்காட்லாந்தின் டே ஆற்று ரயில் பாலம் விழுந்து இறந்தவர்களில் 59 பேரின் பெயர் வெட்டிய கற்கள் அங்கே ஆற்றங்கரையில் இருக்கின்றன. டிக்கெட் விலையைச் சொல்லித் தட்டிக்கழித்தேன். அதனால் எடின்பரோவிலேயே, டீன் கல்லறைத் தோட்டத்தில், அந்தப் பாலத்தைக் கட்டிய பொறியாளர் சர் தாமஸ் பௌச்சைப் பார்க்கப் போனோம். 1879 டிசம்பர் 28 இரவு புயலில் பாலம் ரயிலோடு விழுந்தது. பத்து மாதத்தில் அவரும் போய்விட்டார்.

கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: “நோபிள் சொல்லியிருந்தா இவரு ஏதாவது செஞ்சிருப்பாரில்லண்ணா?”

“கேட்டிருக்க மாட்டாருடா” என்றேன். யோசிக்கவே இல்லை.

ஹென்றி நோபிள் அந்தப் பாலத்தைக் கண்காணித்தவர். தூண்களைப் பிணைத்த இழுகம்பிகள் கடகடத்தபோது இரும்புத் துண்டுகளைச் செருகி இறுக்கினார். பௌச்சிடம் சொல்லவில்லை. பாவம், கொத்து வேலையிலிருந்து வந்தவர், இரும்பு அவர் தொழிலல்ல. செருகினால் சத்தம் நிற்கும், கோணிய தூண் கோணியபடியே நிற்கும்.

அதற்கு முந்தைய வாரம் நாங்கள் சோதிக்கப் போன ஒரு நடைமேம்பாலத்தில் குறுக்குக் கம்பியின் இரண்டு போல்ட் தளர்ந்திருந்ததைத் தம்பி கண்டுபிடித்தான். முறுக்கிவிட்டு, “ரிப்போர்ட்ல எழுதட்டுமாண்ணா?” என்றான்.

“டைட் பண்ணியாச்சுல்ல, அப்புறம் எதுக்கு?”

எழுதினால் பாதையை மூடச் சொல்வார்கள், நாலு பேர் கையெழுத்துக்கு அலைய வேண்டும். அதோடு நாங்கள் நோபிள் மாதிரி எதையும் செருகவில்லை, முறையாகத்தான் முறுக்கினோம். பாலம் இன்றும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த போல்ட் ஏன் தளர்ந்தது? எழுதாததால் அதை யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்த முறை மறுபடி தளர்ந்திருந்தாலும், பார்ப்பவருக்கு அதுதான் முதல் முறை.

சரி, அதைக்கூட விட்டுவிடலாம். கல்லறை முன் சொன்ன பதில்தான் போக மாட்டேன் என்கிறது. வார்ப்பிரும்புத் தூண்களில் விரிசல் கண்டபோது நோபிள் பௌச்சிடம் சொன்னார். பௌச்சும் தூண்களுக்கு இரும்புப் பட்டை போடச் செய்தார். அந்தப் பட்டை போதுமா என்பது வேறு விஷயம். சொன்னதை அவர் கேட்டார். அது எனக்கு அன்றே தெரியும்.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் வேறு ஏதோ பேசிக்கொண்டு வந்தான். டே பால விபத்தின் விசாரணை அறிக்கையை அவனும் படித்தவன்தான்.