ஆங்கில நிபந்தனை வாக்கியங்களுக்குப் பாடம் திட்டமிடுவது: சுங்கை சிப்புட் வகுப்பறையிலிருந்து சில குறிப்புகள்

ஆங்கில நிபந்தனை வாக்கியங்களைப் பயிற்சி ஆசிரியர்கள் பலர் தங்கள் மேற்பார்வைப் பாடத்துக்கு விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். சுழியம், ஒன்று, இரண்டு, மூன்று என்று வகைகள் எண்ணிடப்பட்டிருப்பதாலும், ஒவ்வொரு வகைக்கும் ஒரு சூத்திரம் இருப்பதாலும் நாள் பாடத்திட்டம் எழுதுவது எளிது என்ற எண்ணம் எழுகிறது. செம்பனைத் தோட்டங்களும் எஞ்சியிருக்கும் பால்மரங்களும் சூழ்ந்த, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்துவருகிறேன். நான்கு சூத்திரங்களையும் தடுமாறாமல் ஒப்பிக்கும் மாணவர், அடுத்த வாரம் எழுதும் கட்டுரையில் 'இஃப் ஐ வில் பாஸ்' என்று எழுதுவதை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். எந்தச் சூழலுக்கு எந்தச் சூத்திரம் என்று முடிவு செய்யும் பயிற்சி அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே, தமிழில் அவர் அன்றாடம் செய்துவரும் வேறுபாடுகளிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள் என்பதுதான் புதிய ஆசிரியர்களுக்கு நான் கூறும் முதல் ஆலோசனை.

பாடத்திட்டம் எழுதும் முன், நம் மொழி நிபந்தனையை எப்படிக் கட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 'மழை பெய்தால் மரம் வெட்டு இல்லை' என்பது தோட்டத்தின் பொது வழக்கம். பால் எடுக்க ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவுவதைத்தான் இங்கே மரம் வெட்டு என்கிறோம். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டிலிருந்து விலகி வழிந்துவிடும், பாலைப் பிடிக்கும் கிண்ணமான மங்கில் நீர் சேர்ந்துவிடும். 'நாளை மழை பெய்தால் மரம் வெட்டு இருக்காது' என்பது நாளைய நிகழ்ச்சி. ஆங்கிலத்தில் முன்னது சுழிய வகை, பின்னது முதல் வகை. தமிழிலோ இரண்டுக்கும் 'பெய்தால்' ஒன்றே போதும். 'நான் மேனேஜராக இருந்தால் இந்தச் சாலையைச் செப்பனிடுவேன்' என்று நடவாத ஒன்றைக் கற்பனை செய்து கூறும்போதும் நாம் அதே 'ஆல்' வடிவத்தையே பயன்படுத்துகிறோம். ஆங்கிலம் அங்கே இரண்டாம் வகைக்கு மாறி, வினையை இறந்தகால வடிவத்தில் வைத்து, பின்பகுதியில் 'வுட்' சேர்க்கிறது. ஆனால் 'நேற்று மழை பெய்யாதிருந்தால் வெட்டு நடந்திருக்கும்' என்று முடிந்துபோனதைப் பேசும்போது, அதாவது ஆங்கிலத்தின் மூன்றாம் வகையில், தமிழும் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. ஒரு பக்கம் 'இருந்தால்', மறுபக்கம் 'இருக்கும்' என்று இரு பகுதிகளிலும் ஒரே துணைவினை வருவது, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் 'ஹேட்' என்றும் மறுபக்கம் 'வுட் ஹேவ்' என்றும் வருவதற்கு மிக நெருக்கமாக இருக்கிறது.

இதிலிருந்து பாட வரிசையைப் பற்றி ஒரு முடிவு பிறக்கிறது. மூன்றாம் வகையே மிகக் கடினம் என்று கருதி அதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது வழக்கம். தமிழ்ப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்த அச்சம் தேவையற்றது. அதன் வடிவம் நீளமானதுதான், ஆனால் பொருள் அவர்களுக்குப் பழக்கமானது. அவர்களுக்கு உண்மையில் கடினமானது முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் இடையிலுள்ள பிரிவு, ஏனெனில் 'நடக்கக்கூடியது', 'கற்பனையானது' என்ற பிரிவை வினைவடிவத்தில் காட்டுமாறு தமிழ் அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. எனவே நான் முதல் வகையை அடுத்து மூன்றாம் வகையைக் கற்பித்து, அதன்பின் இரண்டாம் வகைக்கு ஒரு முழுப் பாடத்தை ஒதுக்குகிறேன். ஒரே பாடத்தில் நான்கு வகைகளையும் முடிக்க முயல வேண்டாம். ஒரு மணிநேரத்தில் ஒரு வேறுபாடு தெளிவாகப் புரிந்தால் அதுவே நிறைவான பாடம்.

இரண்டாம் வகைப் பாடத்தின் தொடக்கத்தில், 'டீச்சர், நாளைக்கு நடக்கப்போறதுக்கு ஏன் இறந்தகாலம் போடணும்?' என்று எவரேனும் ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார். பாடம் முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமையலாம் என்பதால் அதை வரவேற்க வேண்டும். 'வந்தது, வந்தால்', 'போனது, போனால்', 'படித்தது, படித்தால்', 'கேட்டது, கேட்டால்' என்று இணை இணையாகக் கரும்பலகையில் எழுதுங்கள். தமிழின் நிபந்தனை வடிவமும் இறந்தகால அடியின் மேல்தான் கட்டப்படுகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள். 'நாளை அவர் வந்தால்' என்று சொல்லும்போது எவரும் நேற்றை நினைப்பதில்லை. இறந்தகால வடிவம் இறந்தகாலப் பொருளைத் தராமலும் வரும் என்பதைத் தம் வாயிலேயே வைத்திருக்கும் பிள்ளைக்கு, 'இஃப் ஐ ஹேட் எ கார்' என்பதில் வரும் 'ஹேட்' அதன்பின் விசித்திரமாகத் தோன்றுவதில்லை.

'இஃப் இட் வில் ரெய்ன்' என்ற பிழைக்கும் இதே இடத்தில் மருந்து உண்டு. எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதால் 'வில்' வேண்டும் என்று மாணவர் கணக்கிடுகிறார். 'பெய்' என்ற வினையின் எதிர்கால வடிவத்தோடு 'ஆல்' சேர்த்துச் சொல்லச் சொன்னால் அவரால் இயலாது. 'பெய்யுமானால்' என்ற வடிவம் எழுத்து வழக்கில் உண்டு என்பதை நன்கு படிக்கும் ஒரு மாணவர் எழுந்து சொல்லக்கூடும். அவரைப் பாராட்டிவிட்டு, அன்றாடப் பேச்சில் நாம் அப்படிச் சொல்வதில்லை என்பதை மட்டும் நினைவூட்டுங்கள். எதிர்காலக் குறி முதன்மைப் பகுதியில் மட்டும் போதும் என்ற ஒழுங்கு இரு மொழிகளிலும் பெரும்பாலும் ஒன்றே.

தமிழ் கைவிடும் இடமும் ஒன்று உண்டு, அதைத் திட்டத்தில் குறித்துவைப்பது அவசியம். 'விடிந்தால் தீபாவளி' என்கிறோம். விடியுமா விடியாதா என்ற ஐயம் அதில் துளியும் இல்லை. நிச்சயமாக நடக்கவிருப்பதற்கும் தமிழ் 'ஆல்' வடிவத்தை அனுமதிக்கிறது, ஆங்கிலமோ அங்கே 'வென்' என்பதையே கேட்கிறது. 'இஃப் ஐ க்ரோ அப்' என்று பிள்ளைகள் எழுதுவது இதனால்தான். 'நான் பெரியவனானால்' என்ற தமிழ் வாக்கியம் அதன் பின்னால் நிற்கிறது. இதற்குச் சூத்திரம் எதுவும் உதவாது. 'இது நடக்காமல் போகக்கூடுமா?' என்ற ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்குங்கள். போகக்கூடுமென்றால் 'இஃப்', இல்லையென்றால் 'வென்'.

இனி, முதல் வகையையும் இரண்டாம் வகையையும் எதிரெதிரே வைக்கும் அந்த ஒரு மணிநேரப் பாடத்துக்கு வருகிறேன். முதல் பத்து நிமிடங்களில் கரும்பலகையில் இரண்டு தமிழ் வாக்கியங்கள் மட்டும் இருக்கட்டும்: 'நாளை மழை பெய்தால் வீட்டில் இருப்பேன்', 'நான் மட்டும் மேனேஜராக இருந்தால் எல்லாருக்கும் விடுமுறை கொடுப்பேன்'. இரண்டாவதில் வரும் 'மட்டும்' என்ற சொல்லைக் கவனிக்கச் சொல்லுங்கள். நடவாததைக் கற்பனை செய்யும்போது நம் பேச்சில் அது இயல்பாகவே வந்து விழுகிறது. ஒரு வாக்கியத்தில் 'மட்டும்' பொருந்தி வருகிறதா என்று சொல்லிப் பார்த்தாலே பெரும்பாலான இடங்களில் எந்த வகை என்பது தெரிந்துவிடும். 'நீ மட்டும் போனால் பார்' என்ற மிரட்டலில் வருவது வேறு 'மட்டும்' என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். வகுப்பில் மலாய், சீன மாணவர்களும் இருந்தால், மலாயில் 'ஆல்' பொருள் தரும் 'கலாவ்', கற்பனைக்கு வரும் 'கலாவ்லா' என்ற இணை அதே வேலையைச் செய்கிறது. மலாயில் வினை காலத்துக்கேற்ப மாறுவதில்லை என்பதால் 'இஃப் ஐ ரிச்' என்று வினையையே விட்டுவிடும் பிழையும் வரும், அதற்கும் சில நிமிடங்களை ஒதுக்கிவையுங்கள்.

அடுத்து, அதே இரு வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் எழுதி, பொருளைச் சோதிக்கும் கேள்விகளைக் கேட்க வேண்டும். 'இவர் மேனேஜரா? இல்லை. இது நேற்று நடந்த கதையா? இல்லை. நாளை மழை வரக்கூடுமா? வரக்கூடும்.' இக்கேள்விகளைப் பாடத்திட்டத்தில் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் நடுவில் யோசித்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் 'புரிந்ததா?' என்பதாகவே முடிந்துவிடுகிறது, அதற்கு வகுப்பு முழுவதும் 'புரிந்தது' என்றே பதில் தரும். வடிவத்தை விளக்கும்போது, நிபந்தனைப் பகுதி முதலில் வந்தால் காற்புள்ளி வேண்டும், பின்னால் வந்தால் வேண்டாம் என்பதையும், 'அன்லெஸ்' என்ற சொல்லிலேயே எதிர்மறை அடங்கியிருப்பதால் அதே பகுதியில் 'நாட்' சேர்க்கக்கூடாது என்பதையும் ஓரிரு வாக்கியங்களில் முடித்துக்கொள்ளலாம்.

உச்சரிப்பை விட்டுவிடாதீர்கள். பேச்சில் 'ஐ வுட்', 'ஐ ஹேட்' இரண்டும் 'ஐட்' என்று ஒன்றுபோலவே சுருங்கி ஒலிக்கின்றன. 'இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் கம்' என்பதில் முதலாவது 'ஹேட்', இரண்டாவது 'வுட்'. எழுத்தில் மட்டுமே இவற்றைப் பார்த்த மாணவருக்குக் கேட்டல் தேர்வில் இது புரியாமல் போகிறது.

பாடத்தின் கடைசி இருபது நிமிடங்களை எழுதுவதற்கு விடுங்கள், இந்தப் பகுதியைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். வெற்றிடம் நிரப்பும் பயிற்சித் தாளில் எந்த வகை வேண்டும் என்பதை ஆசிரியரே முன்கூட்டி முடிவு செய்துவிடுகிறார். அதற்கு மாறாக, ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பின் செய்ய நினைப்பவை என்ற ஒரே தலைப்பைக் கொடுத்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளான படிவம் ஆறு, மெட்ரிகுலேஷன், அல்லது ஈப்போவில் வேலை, சொந்தத் தொழில் என்று எதைப் பற்றியும் எழுதச் சொல்லி, வகையை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால், அந்த வேறுபாடு உயிர் பெறுகிறது. ஒருவர் 'இஃப் ஐ கெட் குட் ரிசல்ட்ஸ், ஐ வில் அப்ளை' என்று எழுதுவார். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் 'இஃப் ஐ வென்ட் டு யுனிவர்சிட்டி, ஐ வுட் ஸ்டடி லா' என்று எழுதுவார். இரண்டும் இலக்கணப்படி சரியே. இரண்டாவது வாக்கியத்தைச் சிவப்பு மையால் திருத்தவும் கூடாது, சரியென்று குறியிட்டு அப்படியே கடந்துவிடவும் கூடாது. பல்கலைக்கழகம் நடவாத ஒன்று என்று அவர் உண்மையிலேயே கருதுகிறாரா, அல்லது வடிவத்தை மாற்றி எழுதிவிட்டாரா என்று அருகில் சென்று மெல்லக் கேளுங்கள். என் வகுப்பில் ஒரு மாணவி, தான் அப்படித்தான் கருதுவதாகச் சொன்னாள். அன்று பாடம் முடிந்த பின் அவளோடு படிவம் ஆறு பற்றியும் கல்விக் கடனுதவி பற்றியும் பேசினோம்.

மூன்றாம் வகைப் பாடத்துக்கு எடுத்துக்காட்டுகளைத் தேர்வு செய்வதில் இதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். பாடநூல்கள் வழக்கமாகக் கேட்பது, உங்கள் வாழ்வில் நீங்கள் வருந்தும் ஒன்றைப் பற்றி எழுதுங்கள் என்பதே. தோட்டம் மூடப்பட்டதால் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்த குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கக்கூடும், இலக்கணப் பயிற்சிக்காக அந்தக் காயத்தை அவர்கள் திறக்க வேண்டியதில்லை. நான் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலேயர் வசமிருந்த தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தரும் அரசியல் தலைவருமான துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டி அது தோட்டங்களை வாங்கியது. 'இஃப் தெ வொர்க்கர்ஸ் ஹேட் நாட் சேவ்ட், தெ சொசைட்டி வுட் நாட் ஹேவ் பாட் தெ எஸ்டேட்ஸ்' என்ற வாக்கியத்திலிருந்து தொடங்கினால், பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டறிந்து மேலும் பல வாக்கியங்களோடு மறுநாள் வருவார்கள். சுழிய வகைக்கும் ஊரே எடுத்துக்காட்டுகளைத் தருகிறது: பாலில் ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் உறையும், அம்மோனியா சேர்த்தால் உறையாமல் இருக்கும், செம்பனைக் குலையிலிருந்து பழங்கள் தாமாக உதிர்ந்தால் குலை பழுத்துவிட்டது என்று பொருள். எல்லாப் பிள்ளைகளும் இவற்றை நேரில் கண்டிருப்பார்கள் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளில் வளரும் பிள்ளைகள் பலர் மங்கைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை, அவர்களுக்கு ஒரு படம் கொண்டுபோங்கள்.

தேர்வைப் பற்றி ஒரு சொல். 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலம் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்களாக நடைபெறுகிறது. நிபந்தனை வாக்கியத்தின் வகையைப் பெயர் சொல்லிக் கேட்கும் கேள்வி அதில் வருவதில்லை. இருவராக அமர்ந்து உரையாடும் பேச்சுத் தாளில் ஒரு யோசனையை முன்வைக்கவும், 200 முதல் 250 சொற்கள் எழுதும் நீண்ட கட்டுரையில் ஒரு தீர்வின் விளைவைச் சொல்லவும் இவ்வாக்கியங்கள் தேவைப்படுகின்றன. ஆகவே திருப்புதல் பாடத்தில் சூத்திர அட்டவணையை மீண்டும் எழுத வைப்பதைவிட, இருவர் இருவராக அமர்த்தி ஒரு சிக்கலைக் கொடுத்துப் பேச வைப்பதே பயன் தரும்.

மேற்பார்வையாளர் முன் இந்தப் பாடத்தை நடத்துவோருக்கு: ஆங்கில வகுப்பில் ஏன் தமிழ் வந்தது என்ற கேள்வி வரலாம். எத்தனை நிமிடம், எந்த வாக்கியங்களுக்கு, எந்த வேறுபாட்டைக் காட்டுவதற்காக என்று பாடத்திட்டத்திலேயே எழுதிவையுங்கள். கரும்பலகையின் இடப்பக்கத்தில் அந்த இரு தமிழ் வாக்கியங்களும் பாடம் முடியும்வரை அழியாமல் இருக்கட்டும். எழுதும் நேரத்தில் பிள்ளைகள் தலைநிமிர்ந்து அவற்றைப் பார்த்துவிட்டுத் தம் வாக்கியத்தைத் திருத்திக்கொள்வதை மேற்பார்வையாளரும் பார்ப்பார்.