மேடவாக்கமும் மேடவாக்கம் டேங்க் ரோடும்

தம்பியை முதன்முதலாக மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப்போகக் கிளம்பிய அன்று நாங்கள் மேடவாக்கத்தில் ஒரு மணி நேரம் அலைந்தோம். மேடவாக்கம் டேங்க் ரோடு என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் இருப்பது பெரும்பாக்கம் குடியிருப்பு, மேடவாக்கம் பக்கத்து ஊர். ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம், முடிந்தது என்று நினைத்தோம். கடைசியில் ஒரு ஆட்டோக்காரர் சிரிக்காமல் சொன்னார்: "அது கீழ்ப்பாக்கத்துல இருக்குதும்மா. இந்த மேடவாக்கம் வேற." அம்மா அங்கேயே திரும்பிவிட்டாள்.

தூரத்துக்காகத் திரும்பவில்லை. அந்தப் பெயருக்காக. சென்னையில் ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்போம். நானே எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறேன். 1794இல் தொடங்கிய ஆஸ்பத்திரி, எங்கள் வாயில் வெறும் வசவாக இருந்தது.

தம்பிக்கு அப்போது 22 வயது. ராத்திரி தூங்கமாட்டான். மேல் வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பான். எங்கள் சுவரில் பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும் என்பதால் முதலில் நாங்களும் நம்பினோம். கூவம் கரையில் இருந்த வீடு போய் இங்கே வந்ததிலிருந்தே அவனுக்கு வேலையும் இல்லை, கூட்டாளிகளும் இல்லை. அந்தக் கவலைதான் என்று விட்டுவிட்டோம். பெரியம்மா ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். 2001 ஆகஸ்டில் அங்கே சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த நோயாளிகள் தீயில் மாட்டி 28 பேர் செத்தது அம்மாவுக்கு மறக்கவில்லை. அதனால் கையில் கயிறு, வாசலில் எலுமிச்சம்பழம், அதோடு நின்றது.

நான் ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிங்கில் நின்றுகொண்டு 14416க்குப் போன் போட்டேன். டெலிமானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசில்லை. தமிழிலேயே பேசினார்கள். சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, தன்னையோ மற்றவர்களையோ ஏதாவது செய்துகொள்வான் என்று பயமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் அந்தப் பெண். 'பைத்தியம்' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை. தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். அன்று ராத்திரி போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவையும் பேசவைத்தேன். அடுத்த வாரம் கிளம்பினோம், இந்தத் தடவை சரியான டேங்க் ரோட்டுக்கு.

நான் பயந்த மாதிரி உள்ளே ஒன்றும் இல்லை. மரங்கள், பெஞ்சு, ஓபி சீட்டு வரிசை. வீட்டு விவரத்தை ஒருவர் பொறுமையாக எழுதிக்கொண்டார், பிறகு டாக்டர் பார்த்தார். மாத்திரையெல்லாம் இலவசம். ஆனால் அந்த நாள் இலவசம் இல்லை. விடியற்காலையில் கிளம்பி, பஸ் மாறி, திரும்ப வரும்போது மத்தியானம் தாண்டிவிடும். எனக்கு ஒருநாள் சம்பளம் போகும். அம்மா பூ விற்பவள், கட்டின பூ மறுநாளைக்கு நிற்காது. வெள்ளை போர்டு பஸ்ஸுக்காகக் காத்து நிற்போம். அதில் 2021லிருந்து பெண்களுக்கு இலவசம், எனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் கிடையாது, நோயாளிக்கு மட்டும் உண்டு.

மூன்று மாதம் ஒழுங்காகப் போனோம். நாலாவது மாதம் எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவனுக்கும் அந்த மாத்திரையால் கை நடுங்கியது, உடம்பு மரக்கட்டை மாதிரி இருக்கிறது என்றான். நல்லாத்தானே இருக்கான் என்று விட்டோம். ஆறே வாரத்தில் மறுபடி சுவரில் காது. இதில் தப்பு என்னுடையது. நடுக்கத்தை டாக்டரிடம் சொல்லியிருந்தாலே மருந்தை மாற்றியிருப்பார். திரும்பப் போனபோது அதைத்தான் செய்தார்.

அன்றைக்குத்தான் வாயைத் திறந்து கேட்டேன், பக்கத்தில் எங்கேயாவது பார்க்க முடியாதா என்று. மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டர்கள் குறிப்பிட்ட நாட்களில் வெளி அரசு மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள் என்று அங்கிருந்த சமூகப் பணியாளர் சொன்னார். நோயின் பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுதி ஒரு கடிதமும் வாங்கிக் கொடுத்தார். நீங்கள் யாராவது இடம் மாறுவதாக இருந்தால் அந்தக் கடிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள். அது இருந்ததால் புது டாக்டரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்போது ஒரே பஸ். பதினொரு மணிக்குள் வீடு.

அப்புறம் மாற்றுத்திறனாளி அட்டை. 2016 சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது, பாதிப்பு 40 சதவீதம் என்று வந்தால் டவுன் பஸ்ஸில் அவனுக்கும் கூட ஒருவருக்கும் டிக்கெட் வேண்டாம். ஆதாரில் பழைய சிந்தாதிரிப்பேட்டை முகவரியே இருந்தது. சென்னைக்குள் கொடுத்தால் நீங்கள் செங்கல்பட்டு மாவட்டம் என்றார்கள், செங்கல்பட்டில் கொடுத்தால் ஆதாரில் சென்னை இருக்கிறதே என்றார்கள். முகவரி மாற்றவே ஒன்றரை மாதம்.

அதைவிடக் கஷ்டம் மதிப்பீட்டு நாள். தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறானா, மற்றவர்களோடு பழகுகிறானா, சொன்னால் புரிந்து பேசுகிறானா, வேலைக்குப் போகிறானா என்று கேட்டு மார்க் போடுகிறார்கள். "தானே குளிப்பானாம்மா?" என்றார் டாக்டர். அம்மா சட்டென்று, "குளிப்பான் சார், நல்ல பையன்" என்றாள். பையனை வைத்துக்கொண்டு எந்த அம்மா வேறு என்ன சொல்வாள்? எனக்கு உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. அவனேதான் சொன்னான்: "அக்கா சொன்னாத்தான் சார் குளிப்பேன். இல்லன்னா நாலு நாளானாலும் மாட்டேன்." டாக்டர் எழுதிக்கொண்டார். அட்டை வந்தது.

போன மாதம் மூன்றாவது மாடி ஆன்ட்டி படிக்கட்டில் என்னை நிறுத்தி, மகளுக்கு என்று ஆரம்பித்துவிட்டு முடிக்காமல் நின்றார். எங்களோடு வாங்க என்றேன். பஸ்ஸில் தம்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தான்: "ஓபி சீட்டு முதல்ல வாங்கிடுங்க ஆன்ட்டி. மாத்திரை கவுன்டர் பின்பக்கம். கை நடுங்குச்சுன்னா மறைக்காம சொல்லச் சொல்லுங்க."