மண்டியில் சரக்கு இருந்தது, கடைக்குத்தான் வரவில்லை

2020 ஊரடங்கில் பருப்பும் எண்ணெயும் ஊரிலேயே இல்லாமல் போய்விட்டன என்று பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காட்பாடிக்கும் வேலூருக்கும் நடுவில், விருதம்பட்டில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், சரக்கு இருந்தது. மண்டியிலிருந்து என் கடைத் தட்டுக்கு அது வந்து சேர்வதற்குள்தான் அத்தனை தடங்கல்.

மார்ச் 22 ஞாயிறு மக்கள் ஊரடங்கு. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கடையில் நிற்க இடமில்லை. செவ்வாய் மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 வந்தது, ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நாடு முழுக்க மூடியாயிற்று. அந்த இரண்டு நாளில் வந்தவர்கள் பெரும்பாலும் மாசச் சாமான் வாங்குகிற சம்பளக்காரர்கள். வழக்கமாக ஒரு மாதத்துக்கு வாங்குவதை இரண்டு மாதத்துக்கு வாங்கினார்கள். பதுக்கினார்கள் என்று அவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை, கையில் காசு இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அடி விழுந்தது அன்றாடம் வாங்குகிறவர்களுக்கு. கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் எல்லாம் சாயங்காலம் கூலி வந்த பிறகு கால் கிலோ பருப்பு, பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய் டீத்தூள் பாக்கெட் என்று வாங்கிப் போவார்கள். புதன்கிழமை அவர்கள் வந்தபோது தட்டு காலி. "இன்னாக்கா, பருப்பு சுத்தமா இல்லியா?" என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

எங்களை மாதிரிச் சின்னக் கடைகளுக்கு ஏஜென்சிக்காரர்கள் வாரம் ஒருமுறை லைன் வருவார்கள். சேல்ஸ்மேன் வந்து ஆர்டர் எடுப்பார், மறுநாள் வண்டியில் சரக்கு இறங்கும், போன வாரத்துப் பில்லுக்கு இந்த வாரம் பணம் கொடுப்போம். அது அப்படியே நின்றது. பிஸ்கட், சோப்பு, சேமியா, சின்னப் பாக்கெட் டீத்தூள் எதுவும் வரவில்லை. போன் போட்டால் "நீங்களே வந்து எடுத்துக்குங்க, ஆனா ரொக்கம்" என்றார்கள். மண்டியிலும் அதே பேச்சுதான்.

மண்டித் தெருவும் லாங்கு பஜாரும் பாலாற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்து முனையில் போலீஸ். வண்டிக்கு அனுமதிச் சீட்டு வாங்க மனுவோடு ஆதார், ஆர்.சி. புக், கடை லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டார்கள். ஜெராக்ஸ் கடைகளை மூடச் சொல்லிவிட்டு ஜெராக்ஸ் கேட்டால் எங்கே போவது? பக்கத்துத் தெருவில் டியூஷன் எடுக்கிற ஒருவர் வீட்டில் பிரிண்டர் இருந்தது, அவர்தான் எடுத்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றவர் அரை கிலோ ரவையை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அந்த வாரத்தில் காசைவிட ரவை பெரிசு.

சீட்டு கிடைத்த பிறகும் ஒரு சிக்கல். வாடகைக்குப் பிடித்த குட்டி யானை வண்டியில் மூட்டையோடு திரும்பி வரும்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காலி வண்டியாகப் போகும்போதுதான் கேள்வி மேல் கேள்வி. காலியாகப் போகாமல் சரக்கை எப்படி ஏற்றிக்கொண்டு வருவது? மண்டிக்குப் பேசி, இன்ன கடைக்கு இன்ன சரக்கு என்று துண்டுச் சீட்டு எழுதி வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னோம். அதைக் காட்டினால் விட்டார்கள். பெரிய லாரிகளுக்கும் இதே தொல்லைதான் என்று அப்புறம் தெரிந்தது. மார்ச் 29-லேயே எல்லாச் சரக்கையும் கொண்டுபோகலாம் என்று மத்திய அரசு சொல்லியும், காலி லாரியை வழியில் மடக்கிக்கொண்டேதான் இருந்தார்கள். ஏப்ரலில் உள்துறை மறுபடி மாநிலங்களுக்கு எழுத வேண்டிவந்தது.

மண்டியில் நான் எதிர்பார்த்தது வெறும் கோடவுன். போய்ப் பார்த்தால் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது. முதலாளி சொன்னார்: "சரக்கு கீதும்மா. எறக்கி ஏத்தத்தான் ஆளு இல்ல." சுமை தூக்குகிறவர்கள் பாதிப் பேர் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். பஸ் இல்லை, ஆளும் இல்லை. ஐம்பது கிலோ துவரம்பருப்பு மூட்டையை என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் தூக்கி வண்டியில் போட்டார்கள். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேர் முதுகிலும் தைலம் தேய்த்தேன். கோடவுனில் இருந்தது தீர்ந்த பிறகு வந்தது இன்னொரு பஞ்சம். துவரை கல்புர்கி, லாத்தூர் பக்கத்திலிருந்து வர வேண்டும், வெங்காயம் நாசிக்கிலிருந்து. நெடுஞ்சாலையில் சாப்பாட்டுக் கடையும் இல்லை, பஞ்சர் ஒட்ட ஆளும் இல்லை என்றால் எந்த டிரைவர் லாரியை எடுப்பார்? தாபாவும் லாரி மெக்கானிக் கடையும் ஏப்ரல் 20-க்கு மேல்தான் திறக்கலாம் என்றானது. அதற்கப்புறம் பருப்புத் தட்டுப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அரிசிக்கு மட்டும் ஒரு நாளும் கஷ்டமே வரவில்லை, ஆரணி இங்கிருந்து எட்டுகிற தூரம்தானே.

தக்காளி ஆந்திராவிலிருந்து, பலமநேர், வி.கோட்டா பக்கத்திலிருந்து வருவது. ஏப்ரல் 26-ம் தேதி எல்லையில், குடியாத்தம் அருகே சைனகுண்டாவிலும் பொன்னை சாலையிலும் ரோட்டின் குறுக்கே சுவரே கட்டிவிட்டார்கள். நாடெல்லாம் பேசிச் சிரித்த பிறகு ஓரிரு நாளில் இடித்தார்கள். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் வழியாக வண்டிகள் வந்ததால் எங்களுக்குப் பெரிய பாதிப்பில்லை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், அதே சமயத்தில் நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்க ஆளில்லாமல் மலிந்து கிடந்தது. நான் கடை வாசலில் ஒரு கூடை போட்டு விற்றேன். காய்கறி விற்பது என் தொழிலே இல்லை, அந்த இரண்டு மாதம் விற்றேன்.

சரி, கடைக்குள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். ஒரு வீட்டுக்குத் துவரம்பருப்பு அரை கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், அதற்கு மேல் யாராக இருந்தாலும் கிடையாது. சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். வந்த மூட்டையில் மூன்றில் ஒரு பங்கைக் கால் கிலோ, நூறு கிராம் பொட்டலங்களாகக் கட்டி, அன்றாடம் வாங்குகிறவர்களுக்கென்று கல்லாவுக்குக் கீழே தனியாக வைத்தேன். கட்டுவதற்குப் பேப்பர் இல்லை. 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, எல்லாம் பழைய பேப்பர்தான். கொரோனா ஒட்டிக்கொண்டு வரும் என்று பல வீடுகளில் பேப்பரையே நிறுத்திவிட்டார்கள், பழைய பேப்பர்க்காரரும் வரவில்லை. பிள்ளைகளின் போன வருஷத்து நோட்டுகளைக் கிழித்து மடித்தேன். "அக்கா, பருப்போட கணக்குப் பாடமும் சேர்த்துக் குடுத்துட்டீங்க" என்று ஒருத்தி திரும்பி வந்து சிரித்தாள்.

முதலில் மதியம் 2.30 வரை திறந்தோம், ஏப்ரல் 5-லிருந்து 1 மணி வரைதான். வாசலில் கோலமாவால் வட்டம் போட்டோம். ஆட்கள் வட்டத்தில் பையையும் செருப்பையும் வைத்துவிட்டு வேப்ப மரத்தடியில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இடைவெளியைச் செருப்புகள்தான் கடைப்பிடித்தன. அதைப் பார்த்த பிறகு லிஸ்ட்டை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். ராத்திரி உட்கார்ந்து அந்தப் போட்டோக்களைப் படிப்பது தனி வேலை. து.ப., க.ப., உ.ப. என்று எழுதியிருப்பார்கள். க.ப. கடலைப்பருப்பு, உ.ப. உளுத்தம்பருப்பு, சரி. ஒரு பாட்டி வெறும் "ப" என்று எழுதி அனுப்பியிருந்தார்.

விலை கிலோவுக்குப் பத்து, இருபது என்று ஏறியது. நான்தான் ஏற்றிவிட்டேன் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. மண்டியில் வாங்கிய பில்லையே கடைக் கதவில் ஒட்டிவிட்டேன். வண்டி வாடகை இவ்வளவு, என் லாபம் இவ்வளவு என்று பேனாவால் எழுதியும் வைத்தேன். பேச்சு அடங்கியது. இன்றைக்கும் ஏதாவது விலை தடாலென்று ஏறினால் பில்லை ஒட்டுகிறேன்.

கடன்தான் கழுத்தை நெரித்தது. வாங்குவது ரொக்கம், விற்பது கடன், கையில் எத்தனை நாள் நிற்கும்? தாலிக்கொடி தவிர இருந்த நகையை அடகு வைத்தேன். ஏப்ரல் முதல் வாரம் ரேஷன் கடைக்காரர்கள் வீடு வீடாக டோக்கன் கொடுத்து, அரிசி கார்டுகளுக்கு 1000 ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் விலையில்லாமலும் கொடுத்தார்கள். இரண்டு வகையில் எனக்கு மூச்சு வந்தது. பருப்புக்கு நெருக்கடி குறைந்தது, அந்த ஆயிரத்திலிருந்து சிலர் நூறு, இருநூறு என்று பாக்கியைக் கட்டினார்கள்.

நடுவில் வேறொரு கஷ்டத்தையும் பார்த்தோம். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளம், ஜார்கண்ட் ஆட்கள் லாட்ஜ்களில் மாட்டிக்கொண்டார்கள். தோட்டப்பாளையத்தில் கடை வைத்திருக்கும் என் அண்ணன், கடுகு எண்ணெய்க்கும் பொரிக்கும் அலைந்தார். கடலை எண்ணெயில் சமைத்தால் அவர்களுக்கு இறங்கவில்லையாம். மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில் விட்ட பிறகுதான் அவர்களில் பலர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

2021 மே 24-ல் மளிகைக் கடையையும் மூடச் சொன்ன முழு ஊரடங்கு வந்தபோது அவ்வளவு பதறவில்லை. முந்தின சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடை திறக்க விட்டார்கள், பொட்டலங்களை முன்கூட்டியே கட்டி வைத்திருந்தோம். மே 31-லிருந்து போனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார்கள். லிஸ்ட் வாங்குவது எங்களுக்குப் பழகிய வேலைதானே. இந்த முறை சரக்கும் வந்தது, இறக்க ஆளும் இருந்தார்கள். எண்ணெய் விலைதான் ஒரேயடியாக ஏறிக் கிடந்தது. கதவில் பில்லை ஒட்டியும், எண்ணெய்க்கு மட்டும் கடைசிவரை என்னோடு சண்டைதான்.