சின்ன பிஸ்டலின் டிரிகர்: எடையை விடுங்கள், கரகரப்பைக் கவனியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கைத்துப்பாக்கியைப் பற்றிச் சொல்லும் முதல் குறை அநேகமாக இதுதான்: "டிரிகர் ரொம்ப டைட்டா இருக்குங்க, கொஞ்சம் லூசாக்கிக் குடுங்க." இடுப்பிலோ சட்டைக்கு உள்ளேயோ வைக்கிற சின்ன பிஸ்டல், சின்ன ரிவால்வர் என்றால் இந்தக் குறை இன்னும் அதிகம். இப்படிக் கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். டிரிகர் இழுக்கப் பாரமாக இருப்பது வேறு, இழுக்கும்போது கரகரப்பது வேறு. பாரம் அந்தத் துப்பாக்கியின் பாதுகாப்போடும் தோட்டா வெடிப்பதோடும் பிணைந்தது, அதில் கை வைக்கக் கூடாது. கரகரப்பை எடுத்துவிடலாம். அது போய்விட்டால் அதே பாரம் பாதியாகக் குறைந்த மாதிரி விரலுக்குத் தெரியும்.

பாரம் ஏன் என்று முதலில் பார்ப்போம். தோட்டாவின் பிரைமரை (அடிப்பக்கத்தில் இருக்கும் பற்றவைப்பு மூடியை) அடித்துப் பற்றவைக்க ஒரு குறிப்பிட்ட அளவு விசை வேண்டும். துப்பாக்கி சின்னது என்பதற்காக அது குறையாது. பெரிய துப்பாக்கியில் ஹாமர், அதாவது அடிக்கும் சுத்தி, கனமாக இருக்கும், நீண்ட தூரம் வந்து அடிக்கும். சின்னதில் ஹாமரோ, அதற்குப் பதில் நேராக ஓடி அடிக்கும் ஸ்டிரைக்கரோ எடை குறைவு, ஓடிவரும் தூரமும் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட ஸ்பிரிங்கைக் கடினமாக வைக்கிறார்கள். டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் (ஒரே இழுப்பில் ஹாமரைத் தூக்கி விடுவிக்கும் வகையில்) அந்த ஸ்பிரிங்கை அமுக்குவது விரல்தான், கூடவே தோட்டா இருக்கும் சிலிண்டரையும் அதே விரல்தான் சுற்ற வேண்டும். சின்ன டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் 5 கிலோ வரை போவது சகஜம். தனியாக சேஃப்டி பொத்தான் இல்லாத துப்பாக்கியில் இந்தப் பாரமும் நீண்ட இழுப்பும்தான் சேஃப்டி.

இனி ஒரு கணக்கு. கான்பூரில் செய்து 2014-ல் வெளிவந்த நிர்பீக் .32 ரிவால்வரின் எடை சுமார் 500 கிராம். அரைக் கிலோ பொருளைப் பிடித்துக்கொண்டு அதன் டிரிகரில் பல கிலோ விசையைக் கொடுக்கிறோம். விசை நேர் பின்னால் வராமல் துளி பக்கவாட்டில் சாய்ந்தாலும் மொத்தத் துப்பாக்கியும் திரும்பிவிடும். பார்வைக் குறிகளுக்கு இடையே உள்ள தூரமும் சின்னதில் குறைவு. அது 11 செ.மீ. என்று வையுங்கள். முன்குறி 1 மி.மீ. விலகினால் 7 மீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 6 செ.மீ. தள்ளிப் போகும். கரகரப்பு இங்கேதான் கெடுக்கிறது. பாரம் ஒரே சீராக ஏறினால் கை அதற்கு ஈடுகொடுக்கும். நடுவில் ஓரிடத்தில் சிக்கி, பிறகு சட்டென்று விட்டால் கை குதிக்கும், முன்குறியும் அதோடு குதிக்கும்.

யூடியூபில் பார்க்கும் க்ளாக் 43, சிக் சாவர் பி365 போன்ற வெளிநாட்டுச் சின்ன பிஸ்டல்கள் எல்லாம் 9 எம்எம். நம் சட்டத்தில் அது தடைசெய்யப்பட்ட போர் (bore, குழல் துளையின் அளவு), தனியாருக்குக் கிடைக்காது. க்ளாக் 43 போன்றவற்றின் டிரிகர் சுமார் இரண்டரைக் கிலோ என்பதைக் கேட்டுவிட்டு நம்முடைய .32 ரிவால்வரையும் அங்கே கொண்டுவரச் சொல்கிறார்கள். அவற்றில் மேலே முன்பின் ஓடும் ஸ்லைடை இழுக்கும்போதே ஸ்டிரைக்கர் ஸ்பிரிங் பெருமளவு அமுங்கிவிடும், விரலுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ரிவால்வரில் அப்படி எதுவும் முன்கூட்டி அமுங்குவதில்லை. இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

கையிலிருப்பதைச் சோதிக்கும் முறைக்கு வருவோம். மேகசினை எடுங்கள், ஸ்லைடை முழுக்க இழுத்துப் பூட்டுங்கள், தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவுங்கள். ரிவால்வர் என்றால் சிலிண்டரைத் திறந்து எல்லாத் துளைகளையும் எண்ணுங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது, வேறு அறையில் பூட்டியிருக்க வேண்டும். குழலை ஆள் நடமாட்டம் இல்லாத கனமான சுவர்ப் பக்கம் திருப்புங்கள். முற்றத்தைப் பார்த்தோ ஜன்னலைப் பார்த்தோ வேண்டாம். வெறுமனே டிரிகர் தட்டுவதற்கு டம்மி தோட்டா போட்டுக்கொள்வது நல்லது. .22 என்றால் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அதில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) நேராகச் சேம்பர் விளிம்பில் அடித்து இரண்டையும் கெடுக்கும். பழைய வெப்லி மாதிரி நடுவில் மடிந்து திறக்கும் ரிவால்வர்களுக்கும் டம்மி இல்லாமல் தட்ட வேண்டாம்.

இப்போது டிரிகரை மிக மெதுவாக, பத்து விநாடி எடுத்துக்கொண்டு இழுங்கள். பிஸ்டலில் முதலில் காலியான ஓட்டம் வரும், அதில் எதிர்ப்பு கொஞ்சம்தான். பிறகு ஒரு சுவர் மாதிரி நிற்கும். சுவரைத் தாண்டி அது உடையும் வரை, அதாவது பிடி விட்டு ஹாமரோ ஸ்டிரைக்கரோ பாயும் வரை, உள்ள சின்ன நகர்வைத்தான் கவனிக்க வேண்டும். நல்ல டிரிகரில் அந்த நகர்வு ஒரே இழுவையாக இருக்கும். கெட்டதில் எண்ணெய் காணாத கிணற்று உருளை மாதிரி விட்டு விட்டு நகரும். கரகரப்பு காலியான ஓட்டத்திலேயே வந்தால் காரணம் பெரும்பாலும் அழுக்கு அல்லது டிரிகர் பார் (டிரிகரின் இழுப்பைப் பின்னால் கொண்டுபோகும் பட்டை) ஃபிரேமில் உரசுவது. சுவருக்குப் பிறகு வந்தால் சியரும் (ஹாமரைப் பிடித்து நிறுத்தும் கொண்டி) ஹாமரும் சந்திக்கும் முகத்தில் குறை. முதலாவதைச் சுத்தம் செய்து சரிப்படுத்தலாம். இரண்டாவது நம் கை வேலையில்லை.

எடையை அளக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பன்னாட்டுப் போட்டிகளில் டிரிகரை அளப்பதே எடைக்கல்லைத் தொங்கவிட்டுத்தான். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்குக் குறைந்தது 1000 கிராம் தாங்க வேண்டும் என்பது விதி. வீட்டில் 5 லிட்டர் தண்ணீர்க் கேன் போதும். கெட்டிக் கம்பியில் கொக்கி வளைத்து, விரல் படும் இடத்திலேயே டிரிகரில் மாட்டுங்கள். குழல் செங்குத்தாக மேலே பார்க்கட்டும், உங்கள் முகம் அதற்கு மேலே இருக்கக் கூடாது. கேன் தரையில் இருக்க, துப்பாக்கியை மெதுவாக மேலே தூக்குங்கள். கேன் தரையை விட்டு எழும்பியும் டிரிகர் உடையவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். உடைந்த பிறகு கேனைத் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை செய்யுங்கள். சராசரியைவிட, ஐந்துக்கும் உள்ள வித்தியாசம்தான் எனக்கு முக்கியம். ஒருமுறை 2.6 கிலோ, அடுத்தமுறை 3.2 கிலோ என்று தாவினால் உள்ளே எங்கோ சிக்குகிறது என்று அர்த்தம். எப்போதும் 3.2 என்றால் அது பாரமான, ஆனால் நல்ல டிரிகர்.

நம் பக்கத்துத் துப்பாக்கிகளில் கரகரப்புக்கு முதல் காரணம் எண்ணெய். எண்ணெய் போடாததைவிடத் தப்பான எண்ணெய் போட்டதால் வருவதே அதிகம். சமையலறையில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். அது 24, 25 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் ஜாடியில் எண்ணெய் வெள்ளையாக இறுகுவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். அதேதான் ஸ்டிரைக்கர் ஓடும் குழியிலும் நடக்கும், ஸ்டிரைக்கர் மெதுவாகி பிரைமரில் அடி லேசாக விழும். நல்லெண்ணெய் இன்னும் மோசம். காற்றுப் பட்டு மாதக்கணக்கில் பிசினாகிவிடும், இரும்பில் பழுப்பு நிறத்தில் ஒட்டும், துணியால் துடைத்தால் போகாது. துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெய் கிடைக்காவிட்டால் சுத்தமான தையல் மெஷின் எண்ணெய் போதும். அது மினரல் எண்ணெய், பிசினாகாது.

இரண்டாவது காரணம் செம்மண் தூசி. பள்ளத்தூர், கானாடுகாத்தான் சாலைகளில் கோடையில் ஒரு வண்டி போனாலே பறக்கிற அந்த மெல்லிய தூள் உறைக்குள்ளும் புகும். எண்ணெய் அதிகமாக இருந்தால் தூசியோடு சேர்ந்து இரும்பைத் தேய்க்கும் சாந்தாகிவிடும். அதனால் அளவு முக்கியம். ஊசி முனையால் ஒரு சொட்டு டிரிகர் பின்னில், ஒரு சொட்டு டிரிகர் பார் சியரைத் தொடும் இடத்தில், ஒரு சொட்டு டிரிகர் பார் ஃபிரேமில் உரசும் பக்கத்தில். அவ்வளவுதான். ஸ்லைடு ஓடும் தடங்களில் லேசாகத் தடவித் துடைத்துவிடுங்கள். ஸ்டிரைக்கர் குழியும் ஃபயரிங் பின் துளையும் உலர்ந்தே இருக்க வேண்டும். ஸ்ப்ரே டப்பாவின் நீண்ட குழாயை உள்ளே விட்டு அடிப்பது பெரிய தப்பு. மிஞ்சியது எல்லாம் நேராக அங்கேதான் போய் நிற்கும், சேம்பரில் தோட்டா இருந்தால் பிரைமருக்குள்ளும் இறங்கும்.

தோல் உறையில் போட்டு அலமாரியில் வைப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறொரு தொல்லை. தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் சேர்ந்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும், டிரிகர் பின்னில் துரு புள்ளி வைத்திருக்கும். உறை இடுப்புக்கு மட்டும், பெட்டியில் மெல்லிய எண்ணெய்த் துணியும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

மரப்பிடி போட்ட பழைய பிஸ்டல்களில் இன்னொன்றையும் பாருங்கள். வால்தர் பிபி வகையில் டிரிகர் பார் வலப்பக்கப் பிடித் தகட்டுக்கு அடியில் ஓடுகிறது. அசல் தகடு உடைந்து உள்ளூரில் இழைத்துப் போட்டது சற்றே தடித்திருந்தாலோ, திருகை அதிகம் முறுக்கியிருந்தாலோ தகடு பாரை அழுத்தும். வலது தகட்டைக் கழற்றிவிட்டு டிரிகரை இழுத்துப் பாருங்கள். கரகரப்பு போய்விட்டால் குற்றவாளி தகடுதான். தகட்டின் உட்புறத்தில் பார் உரசிய கோடு மெருகேறித் தெரியும்.

இனி செய்யக் கூடாதது. ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டுவது. வெட்டியதும் டிரிகர் வெண்ணெயாக இருக்கும், பத்துத் தோட்டாவில் ஒன்று வெடிக்காது. அவசரத்துக்கு வைத்திருக்கும் ஆயுதத்தில் அந்த ஒன்று எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும்? லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்குள்தான் தோட்டா வாங்க முடியும் என்பதால், வெட்டிய ஸ்பிரிங்கை நம்பலாமா என்று நூற்றுக்கணக்கில் சுட்டுப் பார்க்கவும் வழியில்லை. சியர் முகத்தில் எமரி தாள் போடுவது அதைவிட ஆபத்து. அந்த முகத்தில் கடினப்படுத்திய தோல் மெல்லியது. தேய்த்து அது போனால் உள்ளிருக்கும் மென்மையான இரும்பு சீக்கிரம் தேயும், கோணம் மாறினால் ஸ்லைடு மூடும்போதே ஹாமர் தானாக விழும், கீழே விழுந்தாலும் வெடிக்கும். வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி தனியாருக்கு இறக்குமதியாவது 1980-களிலேயே நின்றுவிட்டது, பழைய பிஸ்டலின் சியர் கெட்டால் மாற்றுக்கு எங்கே போவீர்கள்? 1959 ஆயுதச் சட்டப்படி, ரிப்பேர் தொழில் செய்பவருக்கும் லைசென்ஸ் வேண்டும். பட்டறையில் தெரிந்தவர் இருக்கிறார் என்று கொடுத்தால் இரண்டு பேரும் மாட்டுவீர்கள்.

புதுத் துப்பாக்கியின் கரகரப்புக்கு அவசரப்பட வேண்டாம். இயந்திரத்தில் வெட்டிய தடம் மறையாத பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் வரை கரகரக்கும். டம்மி தோட்டாவோடு நாளுக்கு இருபது, முப்பது முறை என்று சில வாரம் இழுத்தால் தானே மெருகேறும், உங்கள் விரலும் பழகும். பழகும்போது முன்குறியின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, விழாமல் இழுத்துப் பாருங்கள். முன்குறி இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருந்தால், வலக்கைக்காரருக்கு விரல் டிரிகரில் போதிய அளவு உள்ளே போகவில்லை. வலப்பக்கமே திரும்பினால் அதிகம் போகிறது. சின்ன பிஸ்டலில் பெரிய கைக்கு இரண்டாவதுதான் வழக்கம், பிடியைக் கொஞ்சம் சுற்றிப் பிடித்தால் விரல் பின்வாங்கும். ரிவால்வரின் பாரமான இழுப்புக்கு விரல் நுனிச் சதையைவிட முதல் மூட்டு மடிப்பு நல்லது.

இழுப்பைப் போலவே திரும்பி வருவதையும் பழகுங்கள். உடைந்த பிறகு டிரிகரை அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்லைடை ஒருமுறை இழுத்துவிட்டு, மெல்லத் தளர்த்துங்கள். ஓரிடத்தில் 'டிக்' என்று கேட்கும். அடுத்த குண்டுக்கு அதுவரை விட்டால் போதும். ரிவால்வரில் இது செல்லாது. டிரிகரை முழுக்க முன்னால் விடாமல் மறுபடி இழுத்தால் சிலிண்டர் சுற்றி ஹாமர் எழாமல் நிற்கும், அல்லது ஒரு தோட்டாவைத் தாண்டிப் போய்விடும். விட்ட டிரிகர் தயங்கித் திரும்பினால் ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது பின்னில் பிசின் இருக்கிறது. முதலில் சுத்தம், பிறகு ஸ்பிரிங்.

தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனிலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரங்கள் கழித்துத் திரும்ப வாங்குகிறோமே, அப்போது வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் விடாதீர்கள். காலி என்று உறுதி செய்துகொண்டு, முதலில் அப்படியே டிரிகரை மெதுவாக இழுத்துப் பாருங்கள், கேனைத் தொங்கவிட்டு எடை பாருங்கள். கொடுக்கும்போது எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஏறியிருந்தால் தூசியோ துருவோ உள்ளே இருக்கிறது. கழற்றி, மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் பழைய எண்ணெயைக் கழுவி, முழுக்க உலரவிட்டு, மூன்று சொட்டு வைத்து மறுபடி அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் மட்டும் வீட்டில் எதுவும் செய்ய வேண்டாம். தானாக லேசான டிரிகர் என்றால் சியரோ ஸ்பிரிங்கோ தேய்ந்துவிட்டது. தோட்டா ஏற்றாமல் லைசென்ஸ் உள்ள ஆர்மரரிடம் (துப்பாக்கி ரிப்பேர்காரரிடம்) கொண்டுபோய்க் காட்டுங்கள்.